ஒரு சத்தியத்துக்குப் பத்து வயிறு

காலை ஏழு பத்துக்கு, நாமக்கல்லில் ராசாத்தியின் மெஸ் வாசலில் நின்று ஜபருல்லா பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இட்லி பத்து. முட்டை பிரியாணி பத்து. மொத்தம் இருபது பொட்டலம், பத்துத் துணிப்பைகளில்.

“ஏனுங்க பாய், தங்கச்சி மகளுக்கு இன்னிக்குக் கண்ணாலம்னு சொன்னீங்க. கண்ணாலத்துக்கு இட்லி கட்டிக்கிட்டுப் போற மொத ஆளு நீங்கதானுங்க” என்றாள் ராசாத்தி.

“இது கல்யாணத்துக்கு இல்லம்மா. கல்யாண ஊட்டுக்குள்ள நான் போறதுக்கு.”

“வெளங்கலீங்களே?”

“எனக்கே இன்னிக்கு விடியறப்பதான் வெளங்குச்சு” என்று சொல்லிவிட்டு, பைகளைக் குட்டியானை வண்டியின் முன்சீட்டில் அடுக்கி, ஜபருல்லா சாவியைத் திருகினார்.

பதினொன்றரைக்கு நிக்காஹ். சேலம் சூரமங்கலத்தில், தங்கை வீட்டில். அதற்குள் பத்து ஏழைகளைக் கண்டுபிடித்து, தலைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பெண் வாயைத் திறக்க மாட்டாள்.

விஷயம் இதுதான்.

ஜபருல்லாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பொய் என்பது அவர் நாக்கில் ஒட்டவே ஒட்டாது. பழைய தார்ப்பாய் வாங்க வருகிறவனிடம் விலை சொல்வதற்கு முன்னால் ஓட்டையைக் காட்டுவார். “இங்க ஒட்டுப் போட்டிருக்கு. இந்த மூலை இத்துப்போச்சு. வேணுமா வேண்டாமான்னு நல்லா யோசிச்சுக்கங்க.” வந்தவன் பயந்து போய்ப் புதிதாகவே வாங்கிக்கொண்டு போவான். மறைத்து விற்பது ஹராம் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

அவரிடம் உண்மை இருந்தது. அதை எங்கே, எப்போது, எவ்வளவு சத்தத்தில் சொல்வது என்கிற விவரம் மட்டும் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு தங்கை பரக்கத்தின் வீட்டில் நிச்சயதார்த்தம். பரக்கத்தின் கணவர் சிக்கந்தர், ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஈரோட்டில் இருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தட்டு நிறையத் தம்ரூட் இனிப்பை வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “எம் மக தஸ்லிமா கையால கிண்டினதுங்க.”

மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். “மாஷா அல்லாஹ்! நெய் மணக்குதே!”

அங்கேதான் ஜபருல்லா சிக்கந்தரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“பொய் சொல்லாதீங்க மாப்ளே. அது பேக்கரித் தம்ரூட்டு. காலைல நான்தானே போய் வாங்கிட்டு வந்தேன்? தஸ்லிமாவுக்கு வெந்நி வெக்கவே வராது.”

மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மாகூடச் சிரித்தார். சிரிக்காத ஆள் சிக்கந்தர் ஒருவர்தான். அவர் முகம் சிவப்பு சிக்னல் மாதிரி நின்று எரிந்தது. தஸ்லிமா கையில் இருந்த டீத்தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

விருந்தாளிகளின் கார் தெருமுனை திரும்பியதும் சண்டை வெடித்தது.

“எம் மானத்தைச் சபையில ஏலம் போட்டுட்டீங்களே மச்சான்! வல்லாஹி, இனி இந்த வாயால உங்களை ‘வாங்க’ன்னு கூப்பிட மாட்டேன்!”

“நீ கூப்பிடாட்டி போ! வல்லாஹி, உன் வாசப்படியை இந்தக் கால் மிதிக்காது!”

வல்லாஹி! அல்லாஹ்வின் பெயரால் சத்தியம். ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் ஒரே ஹாலில் இரண்டு சத்தியம் விழுந்துவிட்டது. ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மூன்று நாள் மூன்று வாரமாகி, மூன்று மாதமும் ஆகிவிட்டது. பரக்கத் அழுதாள். ஜபருல்லாவின் மனைவி மைமூன் திட்டினாள். “சத்தியம் பண்ணிட்டேனே, நான் என்ன செய்ய?” என்று அவர் சத்தியத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அங்கே கொஞ்சம் சொகுசாகவும் இருந்தது.

நேற்று மதியம் கல்யாணப் பெண்ணே போன் போட்டாள்.

“மாமு, நாளைக்கு எங்கிட்ட சம்மதம் கேக்க உள்ள வர்ற சாட்சி ரெண்டு பேருல ஒருத்தர் நீங்க. நீங்க வரலேன்னா நான் சம்மதம்னு சொல்ல மாட்டேன். மாப்ள ஈரோட்டுக்குத் திரும்பிப் போகட்டும்.”

“தஸ்லிமா, நான் சத்தியம்...”

“நானும் ஒண்ணு பண்ணட்டுமா?”

“அய்யோ, வேணாஞ் சாமி! இந்தக் குடும்பத்துல இருக்கிற சத்தியமே போதும்!”

இன்று அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து போனைப் பார்த்தபோது, பரக்கத் ஒரு பயான் வீடியோ அனுப்பியிருந்தாள். மார்க்கம் படித்த யாரோ ஓர் ஆலிம் நிதானமாகப் பேசினார். ஒரு காரியத்துக்குச் சத்தியம் செய்தபிறகு, அதைவிட நல்லது எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், நல்லதைச் செய்துவிட வேண்டும். சத்தியத்துக்குப் பரிகாரம், அதாவது கஃப்பாரா, கொடுத்துவிட வேண்டும். உறவை வெட்டுவதற்கு அல்லாஹ்வின் பெயரைக் கத்தியாக்கக் கூடாது. பத்து ஏழைகளுக்கு, உங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற தரத்தில், வயிறார உணவு.

ஜபருல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மாதமாக ஒளிந்திருந்த இடத்தின் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது.

நாமக்கல் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் விவரமாகக் கேட்டிருக்கலாம். ‘இந்த வயசுல இப்படி ஒரு சத்தியமா பாய்?’ என்று அவர் சிரிப்பாரே என்கிற கூச்சம். நேராக மெஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

பத்துப் பேர்தானே? பத்து ஏழை கிடைக்காமலா போய்விடும்?

பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் முதல் ஆள் தென்பட்டார். காலர் நைந்த சட்டை, அழுக்கு வேட்டி, தேய்ந்த ரப்பர் செருப்பு. படிக்கட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாலே பரிதாபமாக இருந்தது. ஜபருல்லா பக்கத்தில் போய்ப் பணிவாகப் பையை நீட்டினார்.

“சாப்பிடுங்கய்யா. ரெண்டு வேளைக்கு இருக்கு.”

“எதுக்குங்க?”

“இல்லாதவங்களுக்கு...”

அந்த மனிதர் எழுந்து நின்றார். “ஏனுங்க பாய், திருச்செங்கோட்டுல வந்து பொன்னன் யாருன்னு கேட்டுப் பாருங்க. எம்பட போர்வெல் ரிக்கு ஆறு ஓடுதுங்க. மூணு ராஜஸ்தான்ல, மூணு மத்தியப் பிரதேசத்துல. டிரைவர் காரை எடுத்தாரப் போயிருக்கான், அதுவரைக்கும் குந்தியிருக்கேன். என்னையப் பாத்து...”

“மன்னிச்சுக்கங்க! மன்னிச்சுக்கங்க!”

“இருங்க, இருங்க. பையில என்னங்க வாசம்? முட்டை பிரியாணியா? ராசாத்தி மெஸ்ஸா?” பொன்னனின் குரல் சட்டென்று இளகியது. “ஒரு பொட்டலம் மட்டும்...”

“நீங்க ஏழை இல்லீங்களே!” என்று சொல்லிவிட்டு ஜபருல்லா ஓடினார். ஏழை என்று சொன்னதற்கு ஒரு கோபமும், இல்லை என்று சொன்னதற்கு இன்னொரு கோபமுமாக முதுகுக்குப் பின்னால் பொன்னனின் குரல் கேட்டது.

பஸ் ஸ்டாண்டின் இன்னொரு மூலையில் இரண்டு பேர் உண்மையிலேயே பசியோடு இருந்தார்கள். வாங்கிக்கொண்டார்கள். ராசிபுரம் தாண்டி ரோட்டோரத்தில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

“என்னங்க பாய், வேண்டுதலா?”

“வாய்க்கொழுப்பும்மா. வாய்க்கொழுப்புக்கு அபராதம்.”

“அப்படின்னா எங்கூட்டுக்காரரு ஊருக்கே சோறு போடோணும்!” என்றாள் ஒருத்தி. மற்ற மூவரும் ஜல்லிக்கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஆறு முடிந்தது. நாலு பாக்கி. மணி ஒன்பது நாற்பது. சேலம் ஜங்ஷனில் நாலு பேருக்கா பஞ்சம்? ஜபருல்லா பாட்டு முணுமுணுத்தபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

ஜங்ஷன் வாசலில் காத்திருந்தது அதிர்ச்சி.

மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு பேரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பத்தானுங்க ஒரு பாய் வந்து குடுத்துட்டுப் போனாரு” என்றார் ஒரு பெரியவர் ஏப்பத்தோடு. “மட்டன் பிரியாணி. மதியத்துக்கும் தனியாக் கட்டிக் குடுத்துட்டாரு. உங்க பையில என்னங்க?”

“இட்லி. அப்புறம்... முட்டை பிரியாணி.”

“முட்டையா?” பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். “நாளைக்கு வாங்களேன்.”

யார் அந்த ஆள்? ஜபருல்லாவுக்கு உள்ளே சுருக்கென்றது. தனக்கு முன்னால் ஒருவன் மட்டனோடு வந்துவிட்டுப் போயிருக்கிறான்! அடுத்த நொடி தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். அஸ்தஃபிருல்லாஹ். பசித்தவன் வயிறு நிறைந்ததற்குப் பொறாமைப்படுகிற முதல் முஸ்லிம் நான்தான் போலிருக்கிறது.

வண்டியைச் சர்ச் பக்கம் விட்டார். வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் இன்பமேரி அவர் கையில் இருந்த பையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

“இன்னொரு பாயா! என்னங்க இன்னிக்கு, உங்களுக்குள்ள போட்டியா? கால் மணி முந்திதான் ஒருத்தர் வந்து அஞ்சு பேருக்குக் குடுத்துட்டுப் போனாரு.”

“ஆளு எப்படிம்மா இருந்தாரு?”

“வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம் ஊரைத் தூக்குது. கண்ணாலத்துக்குப் போறாப்புல டிரெஸ்ஸு. ஆனா மூஞ்சியில மட்டும் பரிச்சைக்குப் போற புள்ளை மாதிரி பயம். ஒவ்வொருத்தருக்கும் குடுக்கறப்ப ‘எட்டு... ஒம்பது’ன்னு வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டாரு.” அவள் எட்டிப் பார்த்தாள். “கவலைப்படாதீங்க. அதோ, ரெண்டு பேரு இப்பத்தான் வந்து உக்காந்தாங்க. ஓடுங்க, அவரு திரும்பி வந்துறப் போறாரு!”

ஜபருல்லா ஓடினார். ஏழு. எட்டு.

போன் அலறியது. மைமூன்.

“எங்க இருக்கீங்க? மணி பத்தரை! ஈரோட்டுக்காரங்க வந்து எறங்கிட்டாங்க. நிக்காஹ் நடத்தி வெக்கிற ஹஜ்ரத்துக்கு அம்மாபேட்டையில பன்னண்டரைக்கு இன்னொரு நிக்காஹ் இருக்காம், ஒரு நிமிஷம் தாமதிக்க முடியாதுங்கறாரு. தஸ்லிமா மருதாணிக் கையை மடியில வெச்சுக்கிட்டு ‘மாமு வந்தாச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா!”

“வந்துட்டே இருக்கேன். ரெண்டே பேரு பாக்கி.”

“இங்க ஒரு ஆளே பாக்கி! உங்க மாப்ளேயைக் காணோம்!”

“பொண்ணோட அத்தாவைக் காணோமா?”

“ஐஸ் வாங்கப் போறேன்னு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனாரு. ரெண்டு மணி நேரமாச்சு. ஐஸ் வாங்க இமயமலைக்கா போயிருக்காரு?”

ஜபருல்லா போனை வைத்தார். ஏதோ ஒன்று மூளையின் ஓரத்தில் சுரண்டியது. யோசிக்க நேரமில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே நிழலில், விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். மாநகராட்சித் துப்புரவு உடுப்பு. நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் சரிதா என்று பெயர். டப்பாவில் தண்ணீர் தெளிந்து நிற்கிற பழைய சோறு.

“அம்மா, இதை வாங்கிக்கங்க.”

“பிச்சையா?” அவள் நிமிரக்கூட இல்லை. “எனக்கு வேல இருக்குதுங்க.”

“பிச்சை இல்லம்மா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதுக்கு ஈடா, கஷ்டப்படறவங்க பத்துப் பேருக்கு நான் சோறு குடுக்கணும். நீங்க வாங்கிக்கிட்டா எனக்குத்தான் உபகாரம்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “தப்பு உங்களுது. திங்கறது நானா?” சிரித்தாள். “சரி, குந்துங்க. நீங்க குடுக்கறதை நான் வாங்கிக்கறேன். நான் குடுக்கறதை நீங்க திங்கோணும். சும்மா வாங்கற பழக்கம் எனக்கில்லீங்க.”

மணி பத்தே முக்கால். ஜபருல்லா மடித்த பாலித்தீன் சாக்கின்மேல் உட்கார்ந்தார். பழைய சோறும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும். முதல் கவளம் உள்ளே போனதும், காலையில் இருந்து தான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே அவள் கதையைக் கேட்டாள். அவர் தம்ரூட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

“பொய் சொல்றது எங்க மார்க்கத்துல பெரிய தப்பும்மா. அதான் சொல்லிட்டேன். பட்டறையிலயும் ஓட்டையை நான் மறைக்கிறதே இல்ல.”

“ஓட்டையைக் காட்டலேன்னா வாங்கறவன் சரக்கு நனைஞ்சு போயிரும். அது சரி. அந்தத் தம்ரூட்டால யாரு நனைஞ்சாங்க?”

ஜபருல்லா மெல்வதை நிறுத்தினார்.

“அந்தப் புள்ளதான் நனைஞ்சிருக்கும், கண்ணுல” என்று சொல்லிவிட்டு சரிதா அடுத்த இட்லியை எடுத்தாள். “நல்லாருக்கு சட்னி.”

உட்கார்ந்த இடத்திலேயே ஜபருல்லாவுக்கு வியர்த்தது. அடுத்தவர் குறையை நீ மறைத்தால் உன் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று ஜும்மாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்! சிக்கந்தர் சொன்னது பொய்தான். அதைத் தனியே கூப்பிட்டு, தோளில் கை போட்டுச் சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாகத் தன் உண்மையை மட்டும் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போன பெண்ணை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

“வர்றேம்மா” என்று எழுந்தார். ஒன்பது.

பதினொன்று ஐந்துக்கு, கூட்ஸ் ஷெட் பக்கம் பத்தாவது ஆள் கிடைத்தார். தலையில் துண்டு கட்டிய சுமைதூக்கும் தொழிலாளி, கந்தப்பன். விடிகாலையில் லோடு வந்ததால் ஒன்றும் சாப்பிடவில்லை, இன்று கூலியும் இன்னும் வரவில்லை என்று வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார். ஜபருல்லாவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

“இந்தாங்க!”

“இந்தாங்க!”

இரண்டு குரல். இரண்டு பை. கந்தப்பனின் மூக்குக்கு இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று.

ஜபருல்லா திரும்பினார். வெள்ளைச் சட்டை. அத்தர் வாசம். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகம்.

சிக்கந்தர்!

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பின்னால் ஒரு கூட்ஸ் ரயில் தடதடவென்று போனது. சிக்கந்தர் வாயைத் திறந்தார், மூடினார். சத்தியம் தடுத்தது ‘வாங்க’ என்று கூப்பிடுவதை மட்டும்தான். ஆனால் மூன்று மாத வீம்பு மொத்த நாக்கையும் கட்டிப் போட்டிருந்தது. அவர் கந்தப்பனைப் பார்த்துப் பேசினார்.

“ஏங்க, அவரை ஒண்ணு கேளுங்க. பரக்கத் அவருக்கும் அந்த வீடியோவை அனுப்பினாளான்னு.”

கந்தப்பன் ஜபருல்லா பக்கம் திரும்பினார். “வீடியோ வந்துச்சாங்க?”

“வந்துச்சுன்னு சொல்லுங்க. ஜங்ஷன்ல மட்டன் போட்டது அவருதானான்னு கேளுங்க.”

“மட்டன் போட்டீங்களாங்க?”

“எங்க ஊட்டுல நாங்க அதானே திங்கறோம். திங்கறதைத்தானே குடுக்கணும்? இவரு எத்தனையாவது ஆளுன்னு அவரைக் கேளுங்க.”

“நான் எத்தனையாவதுங்க?”

“பத்து.”

“இங்கயும் பத்துதான்” என்றார் சிக்கந்தர். அவர் உதடு துடித்தது.

கந்தப்பன் இரண்டு பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “ரெண்டு பேருக்கும் நானே பத்தாவதா இருந்துக்கறேனுங்க. வயிறு தாங்கும். நீங்க ரெண்டு பேரும் நேரா மூஞ்சியப் பாத்துப் பேசிக்கங்க. எனக்குச் சோறு ஆறுது.”

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை இரண்டு பேரும் வாதாடுகிறார்கள். ஜபருல்லா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிக்கந்தர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தர் போட்ட வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

“மணி பதினொண்ணு பத்து!” திடீரென்று ஜபருல்லா அலறினார். “மாப்ளே, உங்க ஸ்கூட்டரு?”

“பஞ்சர். நானே நடந்து ஓடி வந்தேன். அதோ அங்க நிக்குது.”

கந்தப்பன் பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தார். ஒரே தம்மில் ஸ்கூட்டரைத் தூக்கிக் குட்டியானையின் முதுகில் ஏற்றினார். அது சாயாமல் இருக்கத் தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மறுபடி பொட்டலத்தைப் பிரித்தார். “போலாம் ரைட்!”

சூரமங்கலத்தில் பந்தலுக்கு முன்னால் வண்டி கிறீச்சிட்டு நின்றபோது மணி பதினொன்று இருபத்தைந்து. ஹஜ்ரத் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பரக்கத் ஓடி வந்தாள். அண்ணனும் கணவரும் ஒரே வண்டியில் இருந்து இறங்குவதைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஜபருல்லா வாசற்படிக்கு வந்து ஜம்மென்று நின்றார். “ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும். சத்தியத்துக்குக் கஃப்பாரா குடுத்து முடிச்சாச்சு. ரெண்டு பேருமே. பத்துப் பத்து. இப்ப நான் உள்ள மிதிக்கலாங்களா?”

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். “வ அலைக்கும் ஸலாம். சத்தியத்தை எப்ப முறிச்சீங்க?”

“இனிமேத்தான்.”

“முறிக்காத சத்தியத்துக்குக் கஃப்பாராவா?” ஹஜ்ரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நம்ம ஹனஃபி மத்ஹபுச் சட்டப்படி மொதல்ல முறிக்கணும், அப்புறந்தான் கஃப்பாரா. வேற மத்ஹபுல முன்னாடி குடுக்க எடம் இருக்கு. நீங்க அந்த மத்ஹபுப் பயான் எதையோ கேட்டுட்டீங்க போல. நீங்க குடுத்தது வீண் இல்ல பாய், அது தர்மமாச் சேந்துரும். ஆனா கஃப்பாரா இன்னும் அப்படியே நிக்குது. மொதல்ல மிதிங்க. நாளைக்கு மறுபடியும் பத்துப் பேரைத் தேடுங்க.”

பந்தலில் கசமுசவென்று சிரிப்பு. ஜபருல்லாவுக்குக் கால் கூசியது. காலையில் இருந்து கையில் பிடித்துக்கொண்டு வந்த கேடயத்தை ஹஜ்ரத் ஒரு நொடியில் பிடுங்கி வைத்துவிட்டார். பரிகாரம் முடிந்த பெருமையோடு உள்ளே நடப்பது வேறு. சத்தியத்தை முறித்தவனாக, பல்லிளித்துக்கொண்டு, ஊர் பார்க்க நடப்பது வேறு.

அது மட்டுமா? வீட்டுக்காரர் கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது. கூப்பிட வேண்டியவர் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் செய்தவர். சிக்கந்தர் படிக்கு உள்ளே போய் நின்றுகொண்டு அவரையே பார்த்தார். சபையில் பட்ட அவமானம் ‘வாங்க’ என்கிற அந்த ஒரு சொல்லின்மேல் இன்னும் உட்கார்ந்திருந்தது.

ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே தஸ்லிமாவின் வளையல் சத்தம் கேட்டது.

ஜபருல்லா படிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பரக்கத் பதறிப் போனாள். போகிறாரா?

அவர் போகவில்லை. பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஈரோட்டுக்காரர்களைப் பார்த்தார். அன்றைக்கு இருந்த அதே முகங்கள். அன்றைக்குப் பேசிய அதே சத்தத்தில் பேசினார்.

“நிச்சயத்தன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன். உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சொன்னது உண்மைதான். ஆனா அதைச் சொல்ல எனக்கு ஒரு அவசியமும் இல்ல. எம் பெருமைக்குச் சொன்னேன். சபையில எந் தங்கச்சி மகளைத் தலைகுனிய வெச்சேன், எம் மாப்ளையையும் தலைகுனிய வெச்சேன். அவமானப்படுத்துன அதே எடத்துல மன்னிப்புக் கேக்கறதுதான் முறை. மாப்ளே, என்னைப் பொறுத்துக்கங்க. தஸ்லிமா, நீயும் பொறுத்துக்கம்மா.”

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “அட, அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க! பேக்கரி டப்பா சோபாவுக்கு அடியிலதான் கெடந்துச்சு. எங்க ஊட்டுல எம் மகன் நல்லாவே சமைப்பான். அவன் கத்துக் குடுத்துக்குவான்!”

சிரிப்பு பந்தலின் கூரையைத் தூக்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே சிக்கந்தர் உடைந்தார்.

“பொய் சொன்னது நான் மச்சான். அந்தப் பொய்யைக் காப்பாத்தத்தான் மூணு மாசமா உங்க மேல கோபப்பட்டுட்டு இருந்தேன்.” இரண்டு கையையும் நீட்டினார். “வாங்க மச்சான். வாங்க, உள்ள வாங்க! போதுமா? இன்னும் நூறு தடவை சொல்றேன், வாங்க!”

“ஒரு தடவை போதும் மாப்ளே, அதுக்கே பத்துப் பேரு!” என்று சொல்லிக்கொண்டே ஜபருல்லா ‘பிஸ்மில்லாஹ்’ என்று வலது காலைத் தூக்கி வாசற்படியின் நட்டநடுவில் வைத்தார். மிதிப்பது மிதிக்கிறோம், நன்றாகவே மிதிப்போம் என்று இடது காலையும் அதே படியில் வைத்தார்.

சிக்கந்தர் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். பரக்கத் இரண்டு பேருடைய முதுகிலும் ஆளுக்கு ஓர் அடி வைத்தாள். இருவருக்குமே அது சுகமாக இருந்தது.

உள்ளே திரைக்கு இந்தப் பக்கம் நின்று, மாப்பிள்ளை பெயரையும் மஹர் தொகையையும் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். இன்னொரு சாட்சிக்குப் பக்கத்தில் ஜபருல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக மணப்பெண்கள் தலையை மட்டும் அசைப்பார்கள். காதைத் தீட்டி வைத்துக் கேட்டால் ஒரு முனகல் வரும்.

“என் மாமு வந்துட்டாருல்ல? சம்மதம்!” என்று தஸ்லிமா சொன்னது பந்தலின் கடைசி நாற்காலிவரை கேட்டது.

பதினொன்று ஐம்பதுக்கு நிக்காஹ் முடிந்தது. ஹஜ்ரத் துஆ ஓதிவிட்டு அம்மாபேட்டைக்குப் பறந்தார். பந்தியில் ஜபருல்லாவும் சிக்கந்தரும் அருகருகே உட்கார்ந்தார்கள். எதிரே கந்தப்பன். இரண்டு பை முடித்த வயிற்றில் மூன்றாவதுக்கு இடம் இருக்கிறதா என்று நிதானமாகச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஜங்ஷன் பக்கம் நான் பாத்துக்கறேன்” என்றார் சிக்கந்தர்.

“அதெப்படி? மட்டனைக் காட்டி மடக்கிருவீங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவே போவோம். ஒரே சோறு, ஒரே வண்டி.”

“இருபது பேரு மச்சான்.”

“இருக்கட்டும்” என்று ஜபருல்லா, தன் இலையில் இருந்த பெரிய கறித்துண்டை எடுத்து சிக்கந்தரின் இலையில் வைத்தார். “சாப்பிடுங்க மாப்ளே.”